செல்லாயி தரம் பிரித்த சொற்கள்

1973 டிசம்பர் 18 – செல்லாயிக்கு ஐந்து பவுண்டு. ரோசரிக்கு ஐந்து பவுண்டு.
1974 டிசம்பர் 20 – ஐந்து, ஐந்து.
1975 டிசம்பர் 16 – ஐந்து, ஐந்து.
1976 டிசம்பர் 21 – ஏழு, ஏழு.
1977 டிசம்பர் 19 – ஏழு, ஏழு.
1978 டிசம்பர் 15 – ஏழு, ஏழு.

பணம் எப்போதும் சமம்தான். இங்கிலாந்தில் இருந்த துரைசாணி, பழைய தோட்டத்துத் துரையின் மனைவி, இரண்டு போஸ்டல் ஆர்டரையும் ஒரே தொகைக்கு எடுப்பார். ஆளுக்கொரு கடிதம் எழுதி, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கிறிஸ்மஸுக்கு முன்னால் மலேசியாவில் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் வந்து சேரும்படி அனுப்பிவிடுவார். ஒருத்தி மற்றவளைப் பார்த்துப் பொருமுவதற்கு அந்தத் தொகையில் இடமே இல்லை. அதனால்தான் பொருமல் சொற்களின் பக்கம் திரும்பியது.

செல்லாயியும் ரோசரியும் சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே ஆனைப்பாலம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். துரை பங்களாவில் செல்லாயி ஆயா, ரோசரி குசினிக்காரி. துரையின் ஒரே மகள் எலன் 1950இல் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள் செல்லாயியின் கைக்கு வந்தாள். எட்டு வயதில் படிப்புக்காக அவளைக் கப்பலேற்றும்வரை செல்லாயியின் இடுப்பிலும் முந்தானையிலுமாக வளர்ந்தாள். 1966இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துரையும் துரைசாணியும் ஊருக்குப் போனார்கள். லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் கிளம்பி, வேலை கிடைத்த பக்கம் சிதறினார்கள். செல்லாயி தன் மகன் பத்துமலையோடு ஜெலாப்பாங் வந்து, ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் தட்டுக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் பெட்ரீசியாவோடு ரோசரியும் அதே பக்கம்தான் வந்தாள். ஆனால் வாடகை வீடு கட்டுப்படியாகாமல் இரண்டு மூன்று முறை மாறினாள்.

ரோசரியின் விலாசம் நிலையாக இல்லாததால் உறை செல்லாயியின் பெயருக்கே வந்தது. இதை அவள் ஒரு பதவியாகவே எடுத்துக்கொண்டாள். தபால்காரர் கொடுத்ததும் உறையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ரோசரியின் வீட்டு வாசலில் நின்று, "அடியே, எனக்குத் தபால் வந்திருக்கு. உனக்கும் ஒன்னு உள்ள இருக்கும்போல, வா" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு வரிக்காக அவள் டிசம்பர் மாதத்துக்குக் காத்திருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

இருவருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்பவர் ஆம்புரோஸ் கிராணியார். ஆனைப்பாலத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அடுத்த வரிசையில் கடைசி வீட்டில் குடியிருந்தார். இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தால்தான் உறையைக் கிழிப்பார். கிழித்ததும் முதல் வேலையாகச் சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் வந்த தேதியைப் போடுவார். லண்டன் ஆபீஸ் கடிதங்களுக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை. அதன் பிறகே மூக்குக் கண்ணாடி ஏறும்.

1978 டிசம்பரில் படித்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

செல்லாயியின் கடிதத்தில் துரைசாணி, உன்னை நினைத்துப் பார்ப்பது எனக்கு 'ப்ளெஷர்' என்று எழுதியிருந்தார். ரோசரியின் கடிதத்தில், அந்த வீட்டில் நீ ஒரு 'ஜாய்' என்று எழுதியிருந்தார். கிராணியார் இரண்டையும் ஒன்றுபோலவே, "சந்தோஷம்னு எழுதியிருக்காங்க" என்று சொல்லி முடித்துவிட்டார்.

செல்லாயி விடவில்லை. அவள் காது கூர்மையானது.

"அவளுக்கு வேற சொல்லு படிச்சீங்களே கிராணியாரே."

"ரெண்டும் சந்தோஷம்தான்மா."

"ரெண்டும் ஒன்னுன்னா தொரசாணி ஏன் ரெண்டு சொல்லு எழுதுறாங்க? மை செலவு இல்லையா?"

ரோசரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிராணியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. தோட்டத்திலேயே நல்ல ஆங்கிலம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார்.

"சரி, கேட்டுக்க. தீபாவளிக்கு லோரி புடிச்சி ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போவோமே, லோரி குலுங்கக் குலுங்கக் கத்திக்கிட்டு? அது ஃபன். எறங்கி வீட்டுக்கு வந்தா முடிஞ்சிருச்சி. ரோசரி வச்ச கோழிக்கறிய தொரை ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டா, அது எஞ்சாய். எஞ்சாய்க்கு ஒரு பொருளு வேணும். வாயிலயோ கண்ணுலயோ படணும். மழையில நனைஞ்சி வந்து சூடா ஒரு கோப்பி குடிச்சா ப்ளெஷர். வெள்ளைக்காரன் கல்யாணக் கார்டுலயும் அதைப் போடுவான், கை குலுக்கும்போதும் சொல்லுவான். மரியாதையான சொல்லு. எதிர்பார்க்காம சட்டுனு வந்தா டிலைட்."

"ஜாய்?" என்றாள் செல்லாயி.

கிராணியார் மேலே பார்த்து யோசித்தார். சரியான உதாரணம் கிடைத்த பெருமையில் முகம் மலர்ந்தது.

"சயாம் ரயிலுக்குப் போன பெர்னார்ட் உசுரோட திரும்பி வந்து லோரியில இருந்து குதிச்சானே, ரோசரி ஓடிப் போயி அவன் காலைக் கட்டிக்கிட்டு அழுதாளே, அது. அதுதான் ஜாய்."

தன் வாயால் என்ன சொன்னோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. 1946 ஜனவரியில் அந்த லோரியை நோக்கி ஓடியவர்கள் இரண்டு பெண்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரோசரியின் புருஷன் பெர்னார்டையும் செல்லாயியின் புருஷன் சன்னாசியையும் ஒரே நாளில்தான் ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். லோரியிலிருந்து குதித்தவன் பெர்னார்ட் மட்டும். இடுப்பில் நாலு வயசு பத்துமலையோடு செல்லாயி லோரியைச் சுற்றிச் சுற்றி வந்து, காலிப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பினாள்.

செல்லாயி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"என்னாக்கா, அதுக்குள்ள கெளம்பிட்டே?" என்றாள் ரோசரி.

"உலையில அரிசி கெடக்கு."

அன்று அவள் வீட்டில் உலையே வைக்கவில்லை.

செல்லாயி ஆயா வேலைக்குப் போவதற்கு முன்னால் நாலு வருஷம் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டுத் தரம் பிரித்தவள். காய்ந்த சீட்டைக் கண்ணாடி மேசைமேல் விரித்து வெளிச்சத்துக்குப் பிடிப்பாள். குமிழி இல்லாமல், தூசி இல்லாமல், தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தால் ஒன்னாம் நம்பர். லேசாகக் குமிழி இருந்தால் இரண்டாம் நம்பர். கறை இருந்தால் மூன்றாம் நம்பர். எதற்கும் ஆகாமல் கோப்பையில் உறைந்து கிடப்பது கட்டிப்பால்; அதைத் தனியாக மூட்டை கட்டி மூலையில் போடுவார்கள். அந்த மேசையைத் தவிர வேறு எந்த இடத்திலும் ஒன்றுக்கொன்று ஒப்பிட அவள் கற்றதில்லை. ஆகவே அந்த வாரம் முழுவதும், கேன்டீன் தொட்டியில் தட்டுகளை முக்கி எடுத்தபடியே, கிராணியார் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

ஜாய் ஒன்னாம் நம்பர். டிலைட் அதற்கு ஒரு மாற்றுக் குறைவு. ப்ளெஷர் இரண்டாம் நம்பர். எஞ்சாய் மூன்றாம் நம்பர், சாப்பாட்டோடு போய்விடும். ஃபன்? லோரியிலிருந்து இறங்கினால் முடிந்துபோகிற சமாச்சாரம். அது கட்டிப்பால்.

பிரித்து முடித்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் வெந்தவளுக்கு ஒன்னாம் நம்பர். பிள்ளையை வளர்த்தவளுக்கு இரண்டாம் நம்பர். லோரியிலும் ரோசரிக்குத்தான் ஒன்னாம் நம்பர்; கடிதத்திலும் ரோசரிக்குத்தான். 'எனக்கும் ஜாய் என்று எழுதினால் கை வலிக்குமா?' என்று துரைசாணியைத் திட்டினாள். பிறகு, துரைசாணிக்கு என்ன தெரியும், அவள் என்றைக்குப் பிள்ளையைத் தூக்கினாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். தரம் சொல்ல வேண்டியவள் எலன். அந்தப் பிள்ளை தன்னைச் சம்பளத்துக்கு வைத்த ஆயாவாக நினைக்கிறாளா, அதற்கு மேலாக ஏதாவதா? இதை எலன் வாயிலிருந்தே கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் செல்லாயிக்கு வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாளும் வந்தது. 1981 மே மாதம் வந்த கடிதத்தில், எலன் ஆகஸ்டு 16, ஞாயிற்றுக்கிழமை ஈப்போ வருகிறாள், மத்தியானச் சாப்பாட்டை இருவரோடும் சாப்பிட விரும்புகிறாள், யார் வீடு வசதியோ அங்கே வருவாள் என்று துரைசாணி எழுதியிருந்தார்.

கிராணியார் படித்து முடிப்பதற்குள் ரோசரி சொன்னாள்: "நம்ம வீட்டுக்கே வரட்டும். என் கைச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளை."

"சாப்பாடு கடையிலயும் கெடைக்கும்" என்றாள் செல்லாயி. "தூக்கி வளத்தவ வீட்டுக்குத்தான் பிள்ளை வரும்."

"தூக்கி வளத்தே. ஊட்டுன சோறு யாரு ஆக்குனது?"

"ஆக்குனது நீ. துப்பாம முழுங்க வச்சது நானு."

"எங்க வீட்டுல மாதா படம் இருக்கு, மேசை இருக்கு, நாலு நாற்காலி இருக்கு."

"எங்க வீட்டுல ஃபேன் இருக்குலா. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வேர்க்காதா? உன் மாதா வந்து விசிறுவாங்களா?"

"கிராணியாரே, கேட்டீங்களா இந்தப் பேச்ச!"

கிராணியார் காதைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு பேரும் எனக்குப் பெரிய சூசா, பெரிய தொல்லை. வீடு செல்லாயி வீடு. சமையல் ரோசரி சமையல். இதுக்கு மேல பேசுனா நான் பதிலே எழுத மாட்டேன்."

பதில் எழுதும்போது செல்லாயி அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "எனக்கு ஒன்னாம் நம்பர் போடுங்க. பிள்ளை வர்றது செல்லாயிக்கு ஜாய்னு எழுதுங்க. அவளுக்கு ரெண்டாம் நம்பர் போதும்."

"அதென்ன நம்பரு?"

"நீங்க எழுதுங்க."

கோப்பி குடிக்கும் நேரம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. கிராணியார் அவள் சொன்னபடியே எழுதி உறையை ஒட்டினார்.

ஆகஸ்டு 16ஆம் தேதி பன்னிரண்டு மணிக்கு வாடகை டாக்சி ஒன்று வரிசை வீடுகளின் முனையில் நின்றது. எலனுக்கு முப்பத்தொரு வயது. வெயிலில் கன்றிய நீண்ட கைகள், குட்டை முடி. கதவைத் திறந்ததும் "ஆயா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூவிக்கொண்டு ஓடி வந்து, செல்லாயியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். செல்லாயி புதுச் சேலை கட்டியிருந்தாள். கால்செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அக்கம்பக்கம் எல்லாம் பார்த்தது. ரோசரியும் பார்த்தாள். அதை ரோசரி பார்த்ததைச் செல்லாயி பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே போனதும் செல்லாயி காதைத் தீட்டிக்கொண்டாள். எலனுக்குத் தமிழ் மறந்துபோயிருந்தது. பத்துப் பதினைந்து சொற்கள் மட்டும் நாக்கில் ஒட்டிக்கிடந்தன. மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். விருந்துக்கு வந்திருந்த கிராணியார் தமிழில் சொன்னார். அவர் தமிழ் செல்லாயிக்குத் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் "ரொம்பச் சந்தோஷம்னு சொல்லுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் செல்லாயியிடம் ஐந்து சொற்கள் கைவசம் இருந்தன. எலன் வாய் திறக்கும்போதெல்லாம் அந்த ஐந்தில் எது விழுகிறது என்று கண்ணாடி மேசைமுன் நிற்பவளைப் போல அவள் நின்றாள்.

பத்துமலையின் கையைக் குலுக்கியபோது விழுந்தது ப்ளெஷர். சரி, கிராணியார் சொன்னபடிதான். கை குலுக்கும் சொல்.

கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டு எஞ்சாய் என்றாள். சரி, மூன்றாம் நம்பர்.

ரோசரி வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டைப் புட்டிங்கைப் பார்த்ததும் எலன் கை தட்டி டிலைட் என்றாள். செல்லாயிக்குச் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டாள்.

பிறகு எலன் ரோசரியின் கையைப் பிடித்து ஏதோ நீளமாகச் சொன்னாள். அதற்குள்ளே ஜாய் இருந்தது. "உன் குசினிதான் அந்த வீட்டுலேயே அவங்கம்மாவுக்கு ஜாயாம்" என்று கிராணியார் இந்த முறை சொல்லையே அப்படியே சொல்லிவைத்தார். ரோசரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒன்னாம் நம்பர் மறுபடியும் அங்கே போயிற்று. போகட்டும், அது தாய்க்காரியின் சொல். இனி பிள்ளை தன் சொல்லைச் சொல்ல வேண்டும். செல்லாயி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எலனுக்கு எதிரில் வந்து நின்றாள். எலன் அவளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஓ ஆயா, வீ ஹேட் சச் ஃபன்!"

அத்தோடு விடவில்லை. கையால் தரையில் எதையோ தேய்ப்பதுபோல் காட்டி மறுபடியும் சொன்னாள்: "சச் ஃபன்!"

ஃபன்.

செல்லாயி சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். எட்டு வருஷம். அம்மை போட்டபோது இருபது நாள் வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது, கப்பலுக்குப் போன அன்று காரின் பின்னால் பாலம் வரைக்கும் ஓடியது, எல்லாம் சேர்த்து மூட்டை கட்டி மூலையில் போட்டாயிற்று. கட்டிப்பால்.

"பாத்திரம் கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். முன்வாசலில் எலன் விடைபெறும் சத்தம் கேட்டது. "ஆயா? ஆயா?" என்று இரண்டு முறை கூப்பிடுவதும் கேட்டது. பத்துமலை வந்து, "அம்மா, டாக்சி நிக்குது, வாங்க" என்றான்.

"எனக்குத் தலைவலி. போகச் சொல்லு."

"அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கு."

"வந்துச்சி, தின்னுச்சி, எஞ்சாய் பண்ணுச்சி. போவட்டும்."

டாக்சி வரைக்கும் கூடப் போனவள் ரோசரிதான். எலன் காரில் ஏறுவதற்கு முன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ரோசரியின் வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டாள். அந்த வருஷம் பெட்ரீசியாவுக்கு மாதச் சம்பள வேலை நிலைத்து, ரோசரிக்கும் நிலையான விலாசம் ஒன்று கிடைத்திருந்தது.

1981 டிசம்பரில் செல்லாயியின் வீட்டுக்கு உறை வரவில்லை. கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்னால் ரோசரி வாசலில் வந்து நின்றாள். நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வந்து நின்றாள். வராமல் இருப்பாளா?

"செல்லாயிக்கா, எனக்குத் தபால் வந்திருக்கு. உனக்கும் ஒன்னு உள்ள இருக்கும்போல, வா."

தன் வரியைத் தன் முகத்துக்கு நேராகவே சொல்லக் கேட்ட செல்லாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இருந்தாலும் போனாள். கிராணியார் வீட்டுக்குப் போகும் வழியிலேயே சண்டை மூண்டுவிட்டது. அவர் வாசலுக்கு வருவதற்குள் இருவர் குரலும் அவர் வீட்டுக்குள் போய்விட்டது.

"ஜாயும் உனக்கு. டிலைட்டும் உனக்கு. இப்ப தபாலும் உனக்கா? எடுத்துக்கடி. எல்லாத்தையும் எடுத்துக்க."

"நான் என்னாத்த எடுத்தேன்?" ரோசரி நின்றுவிட்டாள். "பதினாறு வருசம் அந்தக் குசினியில வெந்தேன். அந்தப் பிள்ளை ஒரு நாளு என் முந்தானையப் புடிச்சிருக்குமா? சன்னல் வழியாப் பாப்பேன். நீயும் அதுவும் புல்லுத்தரையில உருளுவீங்க. ரப்பர் கொட்டையச் சிமெண்டுல தேச்சித் தேச்சி ஒருத்தர் கையில ஒருத்தர் சூடு வப்பீங்க. அது கத்திக்கிட்டு ஓடும், நீ தொரத்துவே. நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டு நிப்பேன். கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு சொல்லிக்கலாம் பாரு. அன்னைக்கு உன் வீட்டுல உன்னைப் பாத்து ஃபன், ஃபன்னு ரெண்டுதரம் சொல்லுச்சே. என்னைப் பாத்து ஒரு தரம் சொல்லுச்சா?"

"அது கட்டிப்பால்டி!"

"எது?"

"ஃபன்னு. கடைசிச் சொல்லு. கிராணியாரையே கேளு."

கிராணியார் திகைத்துப்போனார். செல்லாயி மூன்று வருஷமாக மனசில் அடுக்கி வைத்திருந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள்: ஒன்னாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர். கேட்டுக்கொண்டே வந்த கிராணியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சீட்டுத் தரம் பிரிக்கிற மாதிரியா பிரிச்சே? இது அப்படி மேலயும் கீழயும் அடுக்குற சரக்கு இல்லம்மா. கறி நல்லா இருந்தா சமைச்சவளுக்குச் சொல்ற சொல்லு வேற. வீட்டைப் பாத்துக்கிட்டவளுக்குச் சொல்றது வேற. ஃபன்னு யாருக்கும் குடுக்க முடியாது, யாருகிட்டயும் வாங்க முடியாது. ரெண்டு பேரு சேந்து பண்ணணும். கூட விளையாடுனவகிட்டதான் அதைச் சொல்ல முடியும். சம்பளக்காரிகிட்ட யாரு சொல்லுவா?"

"அப்ப லோரியில இருந்து எறங்குனா முடிஞ்சிருச்சின்னு சொன்னீங்க."

"சொன்னேன். முடிஞ்சிரும். அதனாலதான் அந்தப் பிள்ளை கண்ணு கலங்கிச் சொல்லுச்சு."

செல்லாயிக்குச் சந்தேகம் தீரவில்லை. தரம் பிரித்த கைக்கு மேசையைவிட்டு எழுந்திருப்பது சுலபமா? அவள் கேட்டாள்: "ஜாய்க்கு நீங்க வேற கதை சொல்லியிருக்கக் கூடாதா கிராணியாரே? அந்த லோரிதான் கெடைச்சுதா?"

கிராணியாருக்கு அப்போதுதான் விளங்கியது. ரோசரி தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அந்த ஒரு நாளுதான்கா அது. மறுநாளு காலையில பாத்தா, வந்தது பாதி ஆளு. காய்ச்சல்ல ஒதறிக்கிட்டே ஏழு வருசம் கெடந்து செத்தாரு."

"பாதி ஆளாச்சும் வந்தாரே" என்றாள் செல்லாயி. விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்கும் தொகை சமம்தான்: ஆளுக்குப் பத்து பவுண்டு. 1982 நவம்பரில் துரைசாணி இறந்துபோனதாக எலனிடமிருந்து இருவருக்கும் பொதுவாக ஒரு சிறு கடிதம், ரோசரி வீட்டு விலாசத்துக்கே வந்தது. பணம் அத்தோடு நின்றது. செல்லாயி அந்த வாரமே கிராணியாரிடம் போனாள், தனியாக.

"பிள்ளைக்கு ஒரு கடிதாசி எழுதணும்."

"என்ன சொல்லு போடணும்? ஒன்னாம் நம்பரா?"

"கிண்டல் பண்ணாதீங்க. தாய் போனதுக்குத் துக்கம் கேளுங்க. அன்னைக்கு எனக்குத் தலைவலி இல்ல, கோவம்னு எழுதுங்க. ஏன் கோவம்னு எழுத வேணாம். ரப்பர் கொட்டையத் தேச்சிச் சூடு வச்சோமே, முதல்ல வச்சது நானா அதுவான்னு கேளுங்க. எனக்கு மறந்துபோச்சு."

"இதுக்குப் பதில் எழுதுவாங்களா?"

"எழுதுனா எழுதட்டும்."

டிசம்பர் போயிற்று. தைப்பூசம் போயிற்று. செல்லாயி தபால்காரரைக் கேட்கவில்லை. கேட்டும் பயனில்லை, வந்தால் ரோசரி வீட்டுக்குத்தான் வரும். ஆகவே அவள் ரோசரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசாரில் மீன் வாங்கும்போது, கேன்டீனிலிருந்து திரும்பும்போது, எதிரே வரும் ரோசரியின் முகத்தில் தபால் இருக்கிறதா என்று தேடினாள். மார்ச் முதல் வாரத்தில் ரோசரி அவளைக் கண்டதும் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தாள். இரண்டு முறை அப்படி நடந்தாள்.

மார்ச் 9, புதன்கிழமை, செல்லாயி வேலை முடிந்து வந்தபோது அவள் வீட்டு வாசலில் ரோசரி உட்கார்ந்திருந்தாள். மடியில் நீல நிற விமானத் தபால் ஒன்று, ஓரம் பிரிக்கப்பட்டு இருந்தது.

"உனக்குத்தான்" என்றாள். "உனக்கு மட்டும்தான். பெட்ரீசியா படிச்சுச் சொன்னா."

"என் தபால ஏண்டி பிரிச்சே?"

"எனக்கும் இருக்கும்னு நெனச்சேன். இல்ல."

கிராணியார் வீட்டுக்கு இருவரும் நடந்தார்கள். அவர் படித்தார். முதலில் வைத்தது நீதான் ஆயா, நான் அழுதேன், அதன் பிறகு என் கையில் கொட்டையைக் கொடுத்து உன் கையை நீட்டினாய் என்று எலன் எழுதியிருந்தாள். இங்கே ரப்பர் கொட்டை கிடைக்காது. சட்டைப் பொத்தானைக் கம்பளத்தில் தேய்த்து என் மகனுக்குச் சூடு வைக்கிறேன், அவன் அலறிக்கொண்டு ஓடுகிறான், நான் துரத்துகிறேன், என் புருஷனுக்கு இது புரிவதில்லை என்றும் எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கம். அதில் ஜாய் இல்லை, ப்ளெஷர் இல்லை. ஃபன்கூட இல்லை. கடைசி வரியில், ரோசரிக்கு என் அன்பு.

இதுவே கடைசிக் கடிதம் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

படிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அன்று கிராணியாருக்கு விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து, "இன்னைக்குத்தானே வந்துச்சு?" என்றார்.

ரோசரி அந்தப் பென்சிலைப் பார்த்தபடி சொன்னாள்:

"போன வியாழக்கிழமை வந்துச்சு. குடுக்க மனசு வரல."

"ஏன்?"

"ஏன்னா? வயித்தெரிச்சல். வேற என்ன?"

கிராணியார் செல்லாயியைப் பார்த்தார். வெடிக்கப்போகிறாள் என்று நினைத்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். செல்லாயி வெடிக்கவில்லை. ரோசரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். முப்பத்தேழு வருஷம் தன் வயிற்றில் எரிந்தது இப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவள் வயிற்றில் ஆறு நாளாக எரிந்திருக்கிறது. அவள் முகத்தில் மெதுவாக ஏதோ ஒன்று பரவியது. அதற்குக் கிராணியார் ஆங்கிலத்தில் சொல் தேடிப் பார்த்தார். அந்த ஐந்தில் எதுவும் பொருந்தவில்லை.

"இன்னைக்குத் தேதி போட்டுடட்டுமா?" என்றார், சமாதானமாக.

"போடக் கூடாது" என்றாள் செல்லாயி. நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "ரோசரிக்கும் சேத்து ஒரு கோப்பி போடச் சொல்லுங்க. வந்த தேதியே போடுங்க. எழுத்து நல்லாத் தெரியணும்."

கிராணியார் பென்சிலைச் சீவி, மூலையில் அழுத்தி எழுதினார்: வந்தது, 1983 மார்ச் 3.